தம்பலகாமம்: நாம் பின்தொடராத வழக்கு

1998 பெப்ரவரி 1, ஞாயிற்றுக்கிழமை. திருகோணமலை மாவட்டத்துத் தம்பலகாமத்தின் பாரதிபுரத்தில் எட்டுத் தமிழர்கள் பொலிசாராலும் ஊர்காவல் படையினராலும் கொல்லப்பட்டார்கள். மீசை அரும்பாத பையன்களும் அவர்களில் இருந்தார்கள். அதற்குச் சரியாக ஒரு கிழமை முன்னர், ஜனவரி 25 ஞாயிறன்று, கண்டி தலதா மாளிகை வாசலில் விடுதலைப் புலிகள் வெடிமருந்து ஏற்றிய லொறியை வெடிக்கவைத்திருந்தார்கள். கும்பிடப் போன சனம் அங்கே செத்தது. நாடு கொதித்தது. புலிகள் இயக்கம் சட்டப்படி தடைசெய்யப்பட்டது. கண்டியில் நடக்கவிருந்த சுதந்திரப் பொன்விழா கொழும்புப் பக்கம் மாற்றப்பட்டது. பெப்ரவரி 4 அன்று இங்கிலாந்து இளவரசர் சார்ள்ஸ் முன்னிலையில் அணிவகுப்பு நடந்தபோது பாரதிபுரத்து வீடுகளில் துடக்குக் கழிந்திருக்கவில்லை. கண்டியில் நடந்ததற்கும் அந்தக் குடும்பங்களுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. கண்டிக்கான பழியை அவர்கள் மேல் தீர்த்தார்கள் என்றுதான் அப்போதே மனித உரிமை அறிக்கைகள் எழுதின.

அதன்பின் நடந்தது வழக்கத்துக்கு மாறானது. 31 பொலிசாரும் 10 ஊர்காவல் படையினரும் கைதானார்கள். இலங்கையில் தமிழர் கொல்லப்பட்ட சம்பவங்களில் இத்தனை பேர் ஒரே வழக்கில் கைதாவது அபூர்வம். பிறகு 21 பொலிசார் மீது குற்றம் சாட்டப்பட்டது. அவர்களில் சிலர் மீது கொலைக் குற்றம், மற்றவர்கள் மீது சட்டவிரோதமாகக் கூடிய குற்றம். ஏனையோர் விடுவிக்கப்பட்டார்கள். குற்றஞ்சாட்டப்பட்டவர்களும் பிணையில் போனார்கள். வழக்கு தவணைக்கு மேல் தவணையாக இழுபட்டது. எட்டுப் பேருக்கும் நீதி கிடைக்கவில்லை என்று ஊரவர்கள் இன்றும் சொல்கிறார்கள். ஆண்டுதோறும் பெப்ரவரி 1 வரும்போது விளக்கேற்றுகிறார்கள். அன்று நம்முடைய பத்திரிகைகளில் ஒரு பெட்டிச் செய்தி வரும். அடுத்த நாள் அது இராது.

இந்தக் கட்டுரை அரசாங்கத்தைக் குற்றஞ்சாட்ட எழுதப்படவில்லை. அதற்கு நம்மிடம் கட்டுரைகள் ஏராளம் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை நியாயமானவையும்கூட. நான் கேட்பது வேறு. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக இந்த வழக்கை நாம் என்ன செய்தோம்? நாம் என்று சொல்லும்போது தமிழில் எழுதுகிறவர்களை, வாசிக்கிறவர்களை, சட்டம் படித்தவர்களை, தேர்தலில் வாக்குக் கேட்டவர்களை, கடல் தாண்டிப் போய் வசதியாக வாழ்கிறவர்களை எல்லாம் சேர்த்தே சொல்கிறேன். பாரதிபுரத்துச் சனத்தை இதில் சேர்க்கவில்லை. அவர்கள் தங்கள் கடமையைச் செய்தார்கள். பிணங்களை அடையாளம் காட்டினார்கள், அழுதார்கள், நினைவில் வைத்திருக்கிறார்கள்.

நாம் துப்பறியும் கதைகளை விரும்பி வாசிக்கிற சமூகம். ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் காலத்திலிருந்து சுஜாதாவின் கணேஷ்-வசந்த் வரைக்கும், அதற்கப்பாலும் தலைமுறை தலைமுறையாக வாசித்திருக்கிறோம். அந்தக் கதைகளில் ஒரு வகை உண்டு. வேலையில் மனம் கசந்துபோன ஓர் அதிகாரி, பல வருடங்களுக்கு முன் தான் சரியாக முடிக்காத ஒரு வழக்கின் ஊருக்கு மறுபடி போவார். ஊர் அவரை விரும்பாது. மேலிடம் தடுக்கும். சாட்சி சொன்ன பெண் கிழவியாகியிருப்பாள். ஆனாலும் அவர் கதவைத் தட்டுவார். அந்தக் கதையை விடிய விடிய வாசிக்கிற நாம், நம் கண்ணெதிரே கிடந்த தம்பலகாமத்து வழக்கின் கதவை மறுபடி போய்த் தட்டவில்லை. அப்படி ஒருவர் அரசாங்கத்திலிருந்து வருவார், அல்லது ஜெனீவாவிலிருந்து வருவார் என்று காத்திருந்தோம்.

நம் அலட்சியம் எங்கெங்கே நடந்தது என்று காட்ட, ஒரு கொலை வழக்கு இலங்கையில் எப்படி நகர்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். முதலில் நீதவான் நீதிமன்றத்தில் விசாரணை. சாட்சிகள் அங்கே வந்து சொல்ல வேண்டும், அடையாள அணிவகுப்பில் ஆளைக் காட்ட வேண்டும். அந்த ஏடுகள் சட்டமா அதிபர் திணைக்களத்துக்குக் கொழும்புக்குப் போகும். அங்கே யாரோ ஒரு அரச சட்டத்தரணியின் மேசையில் கிடக்கும். அவர் குற்றப்பத்திரம் எழுதினால் மேல் நீதிமன்றத்துக்கு வரும். எதிரிகள், அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவர்கள், தங்களுக்குப் பாதுகாப்பில்லை என்று சொன்னால் வழக்கு வேறு மாவட்டத்துக்கு மாற்றப்படலாம். அவர்கள் தாங்கள் பேசும் மொழியில் ஜூரிகள் வேண்டும் என்று கேட்கலாம். இந்த ஒவ்வொரு படியிலும் இறந்தவர் பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். தவணைத் திகதியைக் குறித்து வைக்க வேண்டும். சாட்சியை பஸ் ஏற்றிவிட வேண்டும். அவர் பயந்தால் கூடப் போக வேண்டும். ஏடு தூங்கினால் எழுதிக் கேட்க வேண்டும். இது வீர வேலை அல்ல. ஒரு குமாஸ்தாவின் பொறுமை இதற்குப் போதும். நாம் மேடையில் பேசியவற்றில் பத்தில் ஒரு பங்கு உழைப்பு போதுமாயிருந்தது.

தம்பலகாமத்துக்கு இரண்டு வருடம் முன்பு அதே மாவட்டத்தில் நடந்த குமாரபுரத்தைப் பாருங்கள். 1996 பெப்ரவரி 11 மாலை, கிளிவெட்டிக்குப் பக்கத்தில் உள்ள அந்த விவசாயக் கிராமத்துக்குள் இராணுவத்தினர் புகுந்து சுட்டார்கள். பெண்களும் குழந்தைகளும் செத்தார்கள். உயிர் தப்பியவர்கள் மூதூர் நீதவான் முன் வந்து ஆட்களை அடையாளம் காட்டினார்கள். போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், இராணுவ முகாம்களுக்கு நடுவே வாழ்ந்துகொண்டு, அந்த ஏழைச் சனம் செய்த காரியத்தின் துணிச்சலை நினைத்தால் நெஞ்சு நிமிர்கிறது. வழக்கு பின்னர் அனுராதபுரம் மேல் நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது. 2016 ஜூலை 27 அன்று, இருபது வருடம் கழித்து, சிங்களம் பேசும் ஜூரிகள் குற்றஞ்சாட்டப்பட்ட ஆறு கோப்ரல்களையும் குற்றவாளிகள் அல்ல என்றார்கள்.

அந்தத் தீர்ப்புக்குப் பிறகு நாம் எல்லோரும் கண்டன அறிக்கை விட்டோம். தீர்ப்புக்கு முந்திய இருபது ஆண்டுகளில் நாம் அனுராதபுரத்துக்கு எத்தனை பேர் போனோம்? குமாரபுரத்திலிருந்து அங்கே போவதென்றால் நூறு கிலோமீற்றருக்கு மேல். ஒரு நாள் கூலி போகும். நீதிமன்றத்தில் பேசும் மொழி விளங்காது. எதிரிகளின் ஊர்ப்பக்கம் அது. அப்படிப் போய் நின்ற சாட்சிகளுக்குப் பக்கத்தில் உட்கார ஒரு தமிழ்ப் பத்திரிகையாளனை ஒவ்வொரு தவணைக்கும் அனுப்பும் வழக்கம் நம்மிடம் உருவாகவில்லை. குமாரபுரத்தில் இறந்தவர்கள் 24 பேர் என்று ஓரிடத்திலும் 26 பேர் என்று இன்னோரிடத்திலும் நாமே எழுதுகிறோம். இறந்தவர்களின் எண்ணிக்கையைக்கூட ஒரு முடிவுக்குக் கொண்டுவராத நாம் நீதிமன்றத்திடம் துல்லியத்தை எதிர்பார்த்தோம்.

மட்டக்களப்பு மாவட்டத்து மயிலந்தனையிலும் இதே கதைதான். 1992 ஆகஸ்ட் 9 அன்று 35 பேர் கொல்லப்பட்டார்கள். வழக்கு ஊர் ஊராக மாற்றப்பட்டுக் கொழும்புக்கு வந்தது. 2002 நவம்பரில் ஜூரிகள் எதிரிகளான இராணுவத்தினரை விடுதலை செய்தார்கள். அந்த நாட்களில் நாம் சமாதானப் பேச்சுவார்த்தைப் புகைப்படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நம்மால் முடியாததால் செய்யவில்லை என்று சொல்லித் தப்ப முடியாது. முடிந்ததற்குச் சாட்சி இருக்கிறது. 1996 செப்டம்பரில் செம்மணி இராணுவக் காவலரணில் பாடசாலை மாணவி கிருஷாந்தி குமாரசுவாமியும், தேடிப்போன அவருடைய தாயும் தம்பியும் அயலவரும் கொல்லப்பட்டார்கள். அந்த வழக்கை யாழ்ப்பாணமும் கொழும்பும் விடவில்லை. சட்டத்தரணிகள் மாறி மாறிப் போய் நின்றார்கள். பாராளுமன்றத்தில் கேள்வி எழுந்தது. பெண்கள் அமைப்புகள் தெருவில் நின்றன. பத்திரிகைகள் நாள் தவறாமல் எழுதின. 1998 ஜூலை 3 அன்று தீர்ப்பு வந்தது. எதிரிகளுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. அந்தத் தீர்ப்பு நாளில்தான் எதிரிகளில் ஒருவரான சோமரத்ன ராஜபக்ஷ செம்மணிப் புதைகுழிகளைப் பற்றி வாய் திறந்தார். அந்தக் குழிகளின் தொடர்ச்சியைத்தான் இன்றும் நாம் தோண்டிக்கொண்டிருக்கிறோம். ஒரு வழக்கைப் பின்தொடர்ந்தால் எதுவரை போகலாம் என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

தம்பலகாமத்துக் கொலை நடந்ததும் அதே 1998 இல்தான். ஐந்து மாத இடைவெளி. கிருஷாந்திக்காக எழுந்த குரல் ஏன் பாரதிபுரத்துப் பையன்களுக்காக எழவில்லை? பதில் நமக்குத் தெரியும். சொல்ல வாய் வருவதில்லை. கிருஷாந்தி சுண்டுக்குளி மகளிர் கல்லூரி மாணவி. ஆங்கிலம் தெரிந்த உறவுகளும் பழைய மாணவர் வலையும் அவருக்குப் பின்னால் இருந்தன. பாரதிபுரத்தில் அவை இல்லை. கொல்லப்பட்ட பிள்ளை எந்தப் பள்ளிக்கூடம், எந்த மாவட்டம் என்று நாம் மனதுக்குள் கேட்டுக்கொள்கிறோம். அதற்கேற்ப நம் துக்கம் கூடுகிறது, குறைகிறது. கிருஷாந்திக்குச் செய்ததில் ஒரு துளியும் அதிகம் இல்லை. மற்றவர்களுக்கு அதைச் செய்யாததே குற்றம்.

திருகோணமலை மாவட்டத்தைப் பற்றி நாம் எழுதியவற்றை எடுத்துப் பாருங்கள். துறைமுகத்தின் ஆழம், அதன் மீது எந்த வல்லரசு கண்வைத்திருக்கிறது, 1987 இந்திய - இலங்கை ஒப்பந்தக் கடிதங்களில் என்ன இருந்தது, எண்ணெய்க் குதங்கள் யாருக்குக் குத்தகை, குடியேற்றத் திட்டங்கள் எந்தப் பக்கமாக வருகின்றன. எல்லாம் முக்கியமான விடயங்கள். மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கட்டுரைகளில் சனம் இல்லை. ஒரு வரைபடம் இருக்கிறது, அதில் எல்லைக் கோடு இருக்கிறது, அந்தக் கோட்டைக் காப்பதற்காக அங்கே வைக்கப்பட்டவர்கள் போலக் கிராமங்கள் இருக்கின்றன. "எல்லைக் கிராமம்" என்று பெருமையாகச் சொல்கிறோம். பெருமை சொல்லிவிட்டு, அங்கே அடி விழும்போது அதுவும் எல்லையில் நடக்கக்கூடியதுதானே என்று நகர்ந்துவிடுகிறோம்.

தம்பலகாமம் அப்படி ஒதுக்கக்கூடிய ஊரா? கந்தளாய்க் குளத்துத் தண்ணீரில் இரண்டு போகம் விளையும் வயல்வெளி. போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோணேசர் மலைக் கோயிலை இடித்தபோது காப்பாற்றப்பட்ட திருவுருவங்கள் கடைசியில் வந்து சேர்ந்த இடமாக ஆதிகோணநாயகர் கோயிலை ஊர் போற்றுகிறது. கவிராசவரோதயர் பாடிய கோணேசர் கல்வெட்டு இந்தப் பகுதியின் பெரிய ஆவணம். கோயிலுக்குத் தானத்தார் என்ன செய்ய வேண்டும், வரிப்பத்தார் என்ன செய்ய வேண்டும், எந்த நிலத்திலிருந்து எது வர வேண்டும் என்று அதில் ஒழுங்காகச் சொல்லப்பட்டிருக்கிறது. யார் பொறுப்பு, எதற்குப் பொறுப்பு என்று எழுதி வைத்து, நூற்றாண்டுகளாகக் கைமாற்றிக் கொடுத்த மரபு இந்த மண்ணில் இருக்கிறது. அந்த மண்ணில் நடந்த கொலை வழக்குக்குத் தமிழில் முழுமையான ஒரு பதிவேடு செய்ய நமக்குக் கை வரவில்லை. யார் எந்தத் தவணையில் என்ன சொன்னார், எந்த நீதவான் என்ன கட்டளை இட்டார், எந்தத் திகதியில் எந்த ஏடு எங்கே போனது என்று அடுத்த தலைமுறை எடுத்துப் படிக்கக்கூடிய புத்தகமாக அது வந்திருக்க வேண்டும்.

இதைவிடப் பாரதூரமான ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த வேலையைச் செய்யக்கூடியவர்களை நாம் பாதுகாக்கவில்லை. சிலரை நம் பக்கத்திலிருந்தே கொன்றார்கள். நாம் பேசாமல் இருந்தோம்.

கிளிவெட்டியைச் சேர்ந்த அருணாசலம் தங்கத்துரை திருகோணமலை மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர். குமாரபுரம் அவருடைய சொந்த ஊர்ப்பக்கம். 1997 ஜூலை 5 அன்று திருகோணமலை ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரி விழாவில் கலந்துகொண்டு வெளியே வரும்போது அவர் கொல்லப்பட்டார். புலிகளே செய்தார்கள் என்பது ஊர் அறிந்தது. ஏழு மாதம் கழித்துப் பாரதிபுரத்தில் எட்டுப் பேர் விழுந்தபோது, இந்த மாவட்டத்தின் மூலை முடுக்குகளை அறிந்த, பொலிஸ் நிலைய வாசலில் போய் நிற்கக்கூடிய அந்த மனிதர் உயிரோடு இல்லை. அவரை இழந்ததற்கும் தம்பலகாமத்து வழக்குக்கு ஆள் இல்லாமல் போனதற்கும் உள்ள தொடர்பை நாம் எங்கேயும் எழுதவில்லை. எழுதினால் யாரைக் குற்றஞ்சாட்டுவது என்ற சங்கடம் வரும் என்று விட்டுவிட்டோம்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர் அமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். "முறிந்த பனை" நூலை எழுதிய நால்வரில் ஒருவரான ராஜினி திராணகம 1989 செப்டம்பர் 21 அன்று சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் சுடப்பட்டார். புலிகளே கொன்றார்கள் என்று அவருடைய சக ஆய்வாளர்கள் உறுதியாக எழுதியிருக்கிறார்கள். எஞ்சியவர்கள் தலைமறைவாக இருந்துகொண்டு, ஒவ்வொரு சம்பவத்துக்கும் சாட்சிகளைத் தேடிப்பிடித்து, முரண்பட்ட கூற்றுகளை ஒப்பிட்டு, நேரத்தையும் இடத்தையும் சரிபார்த்து அறிக்கை எழுதினார்கள். துப்பறிவாளனின் வேலையை நம்மிடையே முறையாகச் செய்தவர்கள் அவர்கள்தான். திருகோணமலையின் ஐந்து மாணவர் கொலையையும் மூதூரில் 2006 ஆகஸ்ட் 4 அன்று கொல்லப்பட்ட 17 தொண்டுப் பணியாளர்களின் கொலையையும் பற்றி 2008 இல் அவர்கள் வெளியிட்ட அறிக்கை, அரசாங்கம் மறைக்க முயன்றதைப் பெயர் குறிப்பிட்டுக் காட்டியது. அரசாங்கத்துக்கு எதிரான அந்த ஆதாரத்தை நம் மேடைகளில் எடுத்துப் படித்தோமா? புலிகளையும் விமர்சித்தவர்கள் என்பதற்காகத் துரோகி என்று முத்திரை குத்தி அந்த அறிக்கைகளையும் சேர்த்து ஒதுக்கினோம். அவற்றின் உள்ளடக்கத்தை மறுத்து விவாதித்திருந்தால்கூடப் பயன் இருந்திருக்கும். படிக்காமலே ஒதுக்கியதுதான் நம் பெரும்பிழை.

ஐந்து மாணவர்களின் வழக்கு நமக்கு இன்னொரு கண்ணாடி. 2006 ஜனவரி 2 மாலை, திருகோணமலைக் கடற்கரையில் காந்தி சிலைக்குப் பக்கத்தில் ஐந்து இளைஞர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்கள் கொண்டுவந்த குண்டு வெடித்துச் செத்தார்கள் என்று படைத்தரப்பு சொன்னது. "சுடர் ஒளி" பத்திரிகையாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் பிணவறைக்குள் போய்ப் படம் எடுத்தார். தலையில் துப்பாக்கிச் சூட்டுக் காயம் தெளிவாகத் தெரிந்தது. ஒரு படத்தில் அரச கதை உடைந்தது. ஜனவரி 24 அன்று காலை வேலைக்குப் போகும் வழியில் சுகிர்தராஜன் சுட்டுக் கொல்லப்பட்டார். ஐந்து மாணவர்களில் ஒருவரான ரஜிகரின் தந்தை வைத்தியர் காசிப்பிள்ளை மனோகரன் மிரட்டல்களுக்கு நடுவே நாட்டை விட்டுப் போனார், போன இடத்திலிருந்து காணொளி வழியாக ஜனாதிபதி ஆணைக்குழு முன் சாட்சி சொன்னார், ஜெனீவாவுக்குப் போனார். அந்த ஆணைக்குழுவின் மேற்பார்வைக்கு வந்த சர்வதேச நிபுணர் குழு, இந்தியாவின் முன்னாள் பிரதம நீதியரசர் பி.என். பகவதி தலைமையில் வந்த பெரியவர்கள், 2008 இல் மனம் வெறுத்துத் திரும்பிப் போனார்கள். 2019 ஜூலை 3 அன்று திருகோணமலை நீதவான் நீதிமன்றம் போதிய சாட்சியம் இல்லை என்று குற்றஞ்சாட்டப்பட்டிருந்த 13 பேரையும் விடுவித்தது.

சாட்சியம் இல்லை என்றால் என்ன பொருள்? சாட்சிகள் பயந்து வெளிநாடு போய்விட்டார்கள். அவர்கள் போன நாடுகளில் நம்மவர் இலட்சக்கணக்கில் இருக்கிறார்கள். அங்கே கோயில் கட்டினோம், தேர் இழுத்தோம், மாவீரர் நாள் மண்டபங்களை நிரப்பினோம். ஒரு சாட்சியை அணுகி, சட்டத்தரணியை அமர்த்தி, சத்தியக்கடதாசி வாங்கி, காணொளிச் சாட்சியத்துக்கு விண்ணப்பித்து, அது மறுக்கப்பட்டால் மேன்முறையீடு செய்வதை ஒரு சமூக வேலையாக எடுத்துச் செய்யவில்லை. ஒரு தகப்பனைத் தனியாக அலைய விட்டோம். அவர் அலைந்ததைப் பற்றி உருக்கமாக எழுதினோம்.

இன்னுமொன்று. இதைச் சொல்லாவிட்டால் மேலே எழுதியது எதற்கும் நேர்மை இராது. தம்பலகாமம் தமிழர் மட்டும் வாழும் ஊர் அல்ல. அந்தப் பிரதேச செயலகப் பிரிவில் முஸ்லிம்களும் சிங்களவர்களும் இருக்கிறார்கள். ஒரே குளத்துத் தண்ணீர். 1987 ஏப்ரல் 17 அன்று ஹபரணை - திருகோணமலை வீதியில் அலுத்ஓயாவில் புலிகள் பஸ்களை மறித்து நூற்றுக்கு மேற்பட்ட பயணிகளைக் கொன்றார்கள். இந்த மாவட்டத்துச் சிங்களக் குடும்பங்கள் அதில் அழிந்தன. அதற்கு ஒரு நினைவு நாள் நம் நாட்காட்டியில் இல்லை. அதற்கு வழக்கும் இல்லை, விசாரணையும் இல்லை. நாம் கேட்கவும் இல்லை. கண்டியில் 1998 ஜனவரி 25 அன்று இறந்தவர்களையும் நாம் பாரதிபுரத்து எட்டுப் பேருக்கு முன்கதையாக மட்டுமே வைத்திருக்கிறோம். அவர்களுக்கும் தாய்மார் இருந்தார்கள். நம் கைகளால் நடந்த கொலைகளை நாமே விசாரித்திருந்தால், அனுராதபுரத்து ஜூரிகளில் ஒருவராவது குமாரபுரத்துச் சாட்சியை வேறு கண்ணால் பார்த்திருக்கக்கூடும் என்று நான் நம்புகிறேன். பார்க்காமலும் போயிருக்கலாம். ஆனாலும் அது நாம் செய்ய வேண்டிய காரியம்.

வழக்கை விடாமல் பிடித்த ஊர் ஒன்றைச் சொல்கிறேன். கிரேக்க நாட்டில் திஸ்தொமோ என்று மலையடிவாரத்தில் ஒரு சிற்றூர் இருக்கிறது. 1944 ஜூன் 10 அன்று ஜெர்மன் எஸ்.எஸ். படையினர் அங்கே 218 பேரைக் கொன்றார்கள். அதுவும் பழிவாங்கல்தான், கெரில்லாக்கள் தாக்கியதற்குக் கிராமத்தைத் தண்டித்தார்கள். போர் முடிந்தது, ஜெர்மனி நட்பு நாடானது, கிரேக்க அரசாங்கத்துக்கே அந்தப் பழைய கணக்கைக் கிளற விருப்பம் இருக்கவில்லை. ஊர் விடவில்லை. ஐம்பது வருடம் கழித்து யானிஸ் ஸ்தமூலிஸ் என்ற சட்டத்தரணி அந்தக் குடும்பங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்து லிவாதியா என்ற சிறிய பட்டணத்து நீதிமன்றத்தில் ஜெர்மனி மேல் வழக்குப் போட்டார். 1997 இல், தம்பலகாமத்துக் கொலைக்குச் சில மாதம் முன்பு, அந்த நீதிமன்றம் குடும்பங்களுக்கு இழப்பீடு கொடுக்கச் சொன்னது. 2000 இல் கிரேக்க உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. கிரேக்க அரசாங்கமே நிறைவேற்ற மறுத்ததால் அவர்கள் இத்தாலி நீதிமன்றங்களுக்குப் போனார்கள். 2012 இல் ஹேக்கில் உள்ள சர்வதேச நீதிமன்றம் ஜெர்மனிக்குச் சார்பாகத் தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பளிக்கப்பட்ட தொகை அவர்கள் கைக்கு வரவில்லை. ஆனால் அந்தச் சிற்றூரின் பெயரை அறியாமல் உலகில் எந்தச் சர்வதேசச் சட்ட மாணவனும் இன்று படித்து முடிக்க முடியாது. இறந்தவர்களின் பெயரும் வயதும் ஊரின் நினைவிடத்தில் இருக்கின்றன, ஏடுகள் நீதிமன்றங்களில் இருக்கின்றன.

திஸ்தொமோவுக்கு ஐம்பது வருடம் கழித்துத் தொடங்க முடிந்தது என்றால் நமக்கு நேரம் கடந்துவிடவில்லை. ஆனால் நிறையக் கடந்துவிட்டது. 1998 இல் முப்பது வயதில் இருந்த சாட்சிக்கு இப்போது அறுபதை நெருங்குகிறது. பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார் எழுபதைத் தாண்டியிருப்பார்கள். செய்ய வேண்டியவை தெரியாதவை அல்ல. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் நாட்டின் எந்தப் பிரசையும் ஒரு கடிதம் எழுதி, தம்பலகாமத்து வழக்கின் ஏடு எங்கே இருக்கிறது, எந்தக் கட்டளையில் நிற்கிறது என்று சட்டமா அதிபர் திணைக்களத்திடம் கேட்கலாம். கொடுக்க மறுத்தால் தகவலறியும் உரிமை ஆணைக்குழு வரை மேன்முறையீடு செய்யலாம். சான்றுபெற்ற பிரதிகளுக்கு நீதிமன்றப் பதிவாளரிடம் விண்ணப்பிக்கலாம். அவை சிங்களத்தில் இருந்தால் மொழிபெயர்க்க இரண்டு மொழியும் தெரிந்த பிள்ளைகள் கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் அதன் திருகோணமலை வளாகத்திலும் இருக்கிறார்கள். உயிரோடு இருக்கும் உறவுகளின் வாக்குமூலங்களை, அவர்கள் விரும்பினால் மட்டும், பாதுகாப்பாகப் பதிவு செய்து ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் வைக்கலாம். குமாரபுரத்துக்கும் இதையே செய்ய வேண்டும், மயிலந்தனைக்கும் செய்ய வேண்டும், அலுத்ஓயாவுக்கும் செய்ய வேண்டும்.

தண்டனை கிடைக்கும் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுக்க மாட்டேன். யாழ்ப்பாணத்து மிருசுவிலில் 2000 டிசம்பரில் எட்டுப் பேர் கொல்லப்பட்டார்கள். தப்பிய ஒருவர் சாட்சி சொன்னார். பதினைந்து வருடம் ஓடி, 2015 இல் சுனில் ரத்நாயக்க என்ற இராணுவத்தினருக்கு மரண தண்டனை கிடைத்தது. உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. 2020 மார்ச்சில், கொரோனா ஊரடங்குக்குள், ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ அவருக்குப் பொது மன்னிப்புக் கொடுத்து வெளியே விட்டார். வழக்கைப் பின்தொடர்ந்தவர்களுக்கு அது பேரிடி. ஆனாலும் மிருசுவில் கொலையை இனி எந்த அரசாங்கமும் நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. யார் செய்தார்கள் என்பது நாட்டின் அதியுயர் நீதிமன்றத்தின் ஏட்டில் எழுதப்பட்டிருக்கிறது. பாரதிபுரத்து எட்டுப் பேருக்கு அந்த அளவுகூட நாம் செய்யவில்லை. அடுத்த பெப்ரவரி 1 அன்று அங்கே பேசப் போகிறவர்கள், போவதற்கு முன் அந்தத் தகவலறியும் விண்ணப்பத்தை எழுதி, அதன் பிரதி ஒன்றைக் குடும்பங்களிடம் கொடுக்க வேண்டும். பேச்சை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.